அளக்கப்பட வேண்டியவர் எவர்?

மருத்துவமனைக்குச் செல்லும் ஏழைக்கு இப்பொழுது புதியதோர் அளவுகோல் காத்திருக்கின்றது. அவன் எடையை அளந்தாயிற்று, குருதியழுத்தத்தை அளந்தாயிற்று, குருதியில் எத்துணை இனிப்பு உள்ளதென்றும் அளந்தாயிற்று. இனி அவன் அறிவையும் அளப்பர். நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் தனக்குச் சொல்லப்படுவதை அவன் எந்த அளவிற்கு விளங்கிக்கொள்கின்றான் என்பதை ஒரு வினாத்தாள் கொண்டு கணித்து, 'போதிய அறிவினன்', 'குறையறிவினன்' என்று தரம் பிரிக்கும் முறை அது. ஆங்கிலத்தில் வழங்கும் அச்சொற்றொடரைச் சிலர் 'நலவாழ்வு எழுத்தறிவு' எனப் பெயர்க்கின்றனர். நாம் நலவறிவு என்போம். சுருங்கவும் இருக்கும், பொருளும் சிதையாது.

நலவறிவு வேண்டாவென்று எவனும் கூறான். நம் குறையெல்லாம் இதுதான்: அளவுகோல் ஒருபுறமே திருப்பப்பட்டிருக்கின்றது. சீட்டை வாங்கியவன் அளக்கப்படுகின்றான், எழுதியவர் அளக்கப்படுவதில்லை. மருந்தை உண்பவன் தேர்வெழுதுகின்றான். மருந்துப்பட்டையில் அச்சிட்டவன் எழுதுவதில்லை. வணிகனின் படிக்கல்லை ஆராயாமல், வாங்க வந்தவனின் கூடையைக் கவிழ்த்துப் பார்ப்பது போன்றதன்றோ இது?

இக்கருவிகள் பிறந்த வகையை அறிந்தாலன்றி இதன் உள்ளீடு விளங்காது. 1974-இல் அமெரிக்காவில் அச்சொற்றொடர் தலைகாட்டிற்று. 1990-களில் அளவைகள் வந்தன. அவற்றுள் பெயர்பெற்ற ஒன்றில் 66 மருத்துவச் சொற்கள் எழுதப்பட்டிருக்கும். நோயாளி அவற்றை வாய்விட்டுப் படித்தல் வேண்டும். எத்தனை சொற்களைப் பிழையின்றி ஒலித்தானோ அதுவே அவன் மதிப்பெண். பொருள் கேட்பதில்லை. ஒலித்தாற் போதும்! ஈதென்ன அளவையென நகைக்கத் தோன்றும். ஆயினும் ஆங்கிலத்திற்கு இது ஓரளவு பொருந்தும். ஆங்கிலத்தில் எழுத்தொன்று, ஒலியொன்று. 'சாண்டிசு', 'பெட்டீக்' போன்ற சொற்களை முன்பே கேட்டும் ஆண்டும் பழகியவனே எழுத்தைக் கண்டு ஒலிக்க வல்லான். ஆகவே ஒலிப்பு, பழக்கத்திற்குச் சான்றாயிற்று.

அதே அளவையை இசுபானிய மொழிக்குக் கொண்டு சென்றபோது கால் முறிந்தது. அம்மொழியில் எழுதியவாறே ஒலிக்கலாம்; பொருளறியாதவனும் எல்லாச் சொற்களையும் தடையின்றிப் படித்துவிட்டான். எனவே 2006-இல் இசுபானியர்க்கென வேறோர் அளவை செய்யவேண்டியதாயிற்று. அதில் 50 சொற்கள். ஒவ்வொன்றுடனும் வேறிரு சொற்கள் தரப்பட்டு, எது பொருளால் நெருங்கியது என்று வினவப்பட்டது. நம் தமிழும் இவ்வகையில் இசுபானியத்தின் உடன்பிறப்பே. நெடுங்கணக்குக் கற்ற எட்டு அகவைச் சிறுவன் 'டயாபடிக் நெப்ரோபதி' என்று தமிழெழுத்தில் எழுதிக் கொடுத்தால் தங்குதடையின்றிப் படித்துக் காட்டுவான். அவனுக்குச் சிறுநீரக மருத்துவம் தெரியுமென்று முடிவு கட்டலாமா?

அரபு மொழியில் இடர் முற்றும் தலைகீழானது. அங்குக் குற்றுயிர்களை எழுதுவதில்லை. சொல்லை முன்னரே அறிந்தவனே அதனைப் படிக்க வல்லான். அன்றியும் எழுத்துநடை ஒன்று, வீட்டுப் பேச்சு வேறொன்று. எகிப்தியனின் பேச்சும் மொராக்கோவினனின் பேச்சும் ஒன்றையொன்று அறியாமல் விழிக்கும். இத்தகைய மக்களிடம் ஆங்கில அளவையைப் பெயர்த்துக் கொண்டுபோய் வைத்தால், வருகின்ற மதிப்பெண் நோயாளியின் அறிவைக் காட்டுமா, வினாத்தாளின் மொழியைக் காட்டுமா? 2005-இல் வந்த மற்றோர் அளவையில் பனிக்குழைப் பெட்டியொன்றின் ஊட்டக்குறிப்பைக் காட்டி ஆறு வினாக்கள் கேட்பர். பெட்டி முழுவதையும் உண்டால் எத்துணை ஆற்றல் கிட்டும் என்பது ஒரு வினா. முக்கூடலில் நாளெல்லாம் பீடி சுற்றும் பெண்ணொருத்தியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். 'ஐசுகிரீமைப் பெட்டியோட எவ திம்பா?' என்று அவள் திருப்பிக் கேட்பாள். அக்கேள்விக்கு அந்த அளவையில் மதிப்பெண் இல்லை.

அரபு என்றதும் நம் பொருநைக் கரையையே நினைக்கவேண்டியுள்ளது. மேலப்பாளையத்திலும் காயற்பட்டினத்திலும் முற்றலைமுறைப் பாட்டிமார் பலர் தமிழ் நெடுங்கணக்கை அறியார். ஆனால் அரபு எழுத்தால் எழுதிய தமிழைப் படித்தனர். அதற்கு அரபுத்தமிழ் என்று பெயர். எழுத்துத்தான் அரபு, நாவில் நின்றது நற்றமிழ். மக்கட்கணக்கு எடுக்க வந்தவன் தமிழ்த் தாளை நீட்டியிருந்தால் அவர்களை எழுத்தறியார் பட்டியலிற் சேர்த்திருப்பான். அவர்களோ ஓதுதல் வேறு, பொருளுணர்தல் வேறு என்பதை நம்மினும் நன்கு அறிந்தவர்கள்; திருக்குரானை அரபியில் ஓதி, அதன் பொருளைத் தமிழிற் கேட்டு வளர்ந்தவர்கள். ஒலிப்பதை வைத்து அறிவை அளப்போர் அப்பாட்டிமாரிடம் பாடங்கேட்க வேண்டும்.

இன்று அவர்தம் பெயரன்மார் வளைகுடா நாடுகளில் உழைக்கின்றனர். விடுமுறைக்கு வருவோர் பெட்டியில் தைலமும் 'பனடால்' மாத்திரையும் தவறாமல் இருக்கும். அப்பெட்டியை எடுத்துப் பாருங்கள். ஒருபுறம் ஆங்கிலம், மறுபுறம் அரபு. உள்ளே மடித்து வைத்த தாளிலும் அரபு. சவூதி அரேபியாவில் மருந்துத்தாள் அரபிலும் இருந்தாக வேண்டும். அதே மருந்து, நம் நாட்டில் செய்து நம் நாட்டில் விற்பது, தென்காசிக் கடையிலோ சேரன்மாதேவிக் கடையிலோ என்ன மொழியில் கிடைக்கின்றது? மேலப்பாளையத்து வீடொன்றில் இரு பட்டைகளும் அருகருகே கிடக்கும்: ஒன்றில் அரபியனுக்கு அவன் தாய்மொழி, மற்றொன்றில் தமிழனுக்கு அயன்மொழி. மருந்து ஒன்றே, மதிப்புத்தான் வேறு.

மொழிவெறி பேசுகின்றான் புலவன் என்பார் உளர். அவர்க்கு ஒரு கணக்குச் சொல்வேன். நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் இருவகையாக விற்கின்றன. ஒரு மி.லி.யில் 40 அலகு கொண்டது ஒருவகை. 100 அலகு கொண்டது மற்றொருவகை. ஊசிக்குழலும் அதற்கேற்ப இருவகை. முன்னதற்குச் சிவப்பு மூடி, பின்னதற்குச் செம்மஞ்சள் மூடி. மருத்துவர் 20 அலகு போட்டுக்கொள்ளச் சொல்கின்றார். கையிலிருப்பது 100 அலகுக் குப்பி. குழலோ 40 அலகுக்குரியது. 20 என்னும் கோடுவரை இழுத்தால் உடலுக்குட் செல்வது 20 அன்று, 50. குருதியின் இனிப்பு மளமளவென்று இறங்கும். வியர்க்கும், கைகால் நடுங்கும், நினைவு தப்பும். இரவில் உறங்கும்பொழுது நேர்ந்தால் விடியலில் எழாமலே போகலாம். குப்பியும் குழலும் இதற்கு மாறாக அமைந்தால் 20-க்கு 8 அலகே சென்று, போட்டும் போடாதது போல் நோய் முற்றும். குப்பியின் மேல் எல்லாம் அச்சிட்டுத்தான் உள்ளது; ஆங்கிலத்தில், எறும்புகளை வரிசையாக விட்டாற்போல. இந்தியாவில் 10.1 கோடிப் பேர்க்கு நீரிழிவு என்று 2023-இல் வெளிவந்த கணக்குக் கூறுகின்றது. அவருள் ஊசி போட்டுக்கொள்வோர் அனைவரும் அவ்வெறும்பு வரிசையைப் படிக்க வல்லவரா? படிக்க இயலாமல் ஒருவர் இறந்தால், நலவறிவுக் குறைவால் இறந்தார் என்று எழுதுவீர்களா, மொழிக்கேட்டால் கொல்லப்பட்டார் என்று எழுதுவீர்களா?

சீட்டு எழுதும் மொழி ஆங்கிலங்கூட அன்று. 'ஓ.டி.', 'பி.டி.', 'டி.டி.எசு.', 'எச்.எசு.' என்று அதிற் காண்பன வழக்கிறந்த இலத்தீனத்தின் எலும்புத் துண்டுகள். நாளைக்கு ஒருவேளை, இருவேளை, முவ்வேளை, படுக்கும்போது என்பன அவற்றின் பொருள். அவற்றுள்ளும் 'ஓ.டி.' என்பது கண்மருத்துவர் எழுதினால் வலக்கண் ஆகிவிடும்! 2016-இல் இந்திய மருத்துவ மன்றம் ஒரு திருத்தம் செய்தது. மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடுமாயின் பெரிய எழுத்தில் எழுதுக என்றது. எம்மொழியில் என்று வாய்திறந்து சொல்லவில்லை. 'பெரிய எழுத்து' என்பதே காட்டிக்கொடுத்துவிட்டது. தமிழில் ஏது பெரிய எழுத்து, சிறிய எழுத்து? நாட்டில் வேறு மொழிகளும் உள்ளன, அவற்றை எழுதவும் செய்வர் என்னும் எண்ணமே அவ்வறையில் இருந்தார் எவர்க்கும் தோன்றவில்லை.

பொதிந்து விற்கும் பண்டங்களுக்கென 2011-இல் வந்த நடுவணரசின் விதிகளைப் பாருங்கள். பொதியின் மேலுள்ள செய்திகள் தேவநாகரி எழுத்தில் இந்தியிலேனும் ஆங்கிலத்திலேனும் இருத்தல் வேண்டும். வேறு மொழி வேண்டுமாயின் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். உணவுப் பொதிகளுக்கான 2020-ஆம் ஆண்டு விதியும் அவ்வாறே. இந்திக்கும் ஆங்கிலத்திற்கும் 'வேண்டும்', தமிழுக்கு 'கொள்ளலாம்'. குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கும் பால்மாவின் அளவும் இந்த 'லாம்' என்னும் ஈற்றில்தான் தொங்குகின்றது. 2023 முதல் பெயர்பெற்ற 300 மருந்துகளின் மேல் கட்டக்குறி அச்சிட வேண்டுமென்று ஆணையிட்டனர். கைப்பேசியால் அதனைப் படம்பிடித்தால் மருந்தின் பிறப்பு வளர்ப்பெல்லாம் தெரியுமாம். போலி மருந்தைத் தடுக்க அது உதவும், மறுக்கவில்லை. எந்திரம் படிப்பதற்கு ஓர் எழுத்து அச்சிட இடமிருந்தது. மாந்தன் படிப்பதற்குத் தமிழ் அச்சிட இடமில்லை!

இதனினும் வியப்பொன்று உண்டு. புதுமருந்தை மாந்தர்மேல் ஆய்ந்து பார்ப்பதற்கு 2019-ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. ஆய்வுக்கு உட்படுபவர்க்கு அவர் விளங்கிக்கொள்ளும் மொழியில் எல்லாவற்றையும் எடுத்துரைத்து, எழுத்தில் ஒப்புதல் பெறவேண்டும் என்று அவை வலியுறுத்துகின்றன. நல்லதே. ஆய்வு முடிந்து, அம்மருந்து கடைக்கு வந்து, அதே ஆள் காசு கொடுத்து வாங்கும்போது மட்டும் அவர்க்கு விளங்கும் மொழி தேவையற்றதாகிவிடுகின்றது. ஆய்வுக்கூடத்து எலியாய் இருக்கும்வரை தாய்மொழி உண்டு, நோயாளியானால் இல்லை. அறுவைக்கு முன் பெறும் ஒப்புதலும் அத்தகையதே. நோயாளி சீர்தூக்கி முடிவு செய்யப் போதிய செய்தியை அவர்க்குத் தந்த பின்னரே ஒப்புதல் ஒப்புதலாகும் என்று சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நயன்மன்றம் தீர்ப்புரைத்தது. ஆங்கிலத் தாளின் அடியில் 'இங்கே கையெழுத்துப் போடுங்கம்மா' என்று விரல்வைத்துக் காட்டி வாங்கும் ஒப்புதல் எவ்வகையைச் சேர்ந்தது?

மருத்துவம் தமிழில் இயலாது என்பாரின் வாயை அடைக்கப் பழங்கதை வேண்டா. பொதிகைக்கும் அகத்தியர்க்கும் போகவேண்டா. சாமுவேல் பிசுக் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். அவ்வாறு கற்றோர் நகர்ப்புற அரசுப்பணி தேடி அகன்றனர். சிற்றூர்கள் மருத்துவரின்றியே கிடந்தன. 1860-களில் அவர் ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு மாறினார். மானிப்பாயில் தமிழிலேயே கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். அறுவை மருத்துவ நூல் 1867-இலும், கிரே என்பாரின் உடற்கூற்று நூல் 1872-இலும், வேதியியல் நூல் 1875-இலும் தமிழில் வந்தன. 'இரண வைத்தியம்', 'அங்காதிபாதம்' என்று வடசொல் மண்டிய தமிழ்தான் அது. 'கெமிசுதம்' என்னும் பெயரை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். இருக்கட்டும். மாசசூசெட்சிலிருந்து வந்தவன் நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் தமிழில் அறுவை கற்பித்தான்; பாளையங்கோட்டையில் 1965-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியில் இற்றைநாள்வரை ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றோம். அதே பாளையங்கோட்டையில் அதற்கு ஓராண்டு முன்னர்த் தோன்றிய சித்த மருத்துவக் கல்லூரியின் மூலநூல்களோ தமிழில்தான் உள்ளன. ஓரூரில் இரு கல்லூரிகள். உடல் ஒன்று, மொழி இரண்டு.

அரபியர் கதையும் இதுவே. எகிப்தில் முகம்மதலியின் ஆட்சியில் 1827-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் பிரெஞ்சு மருத்துவர் பாடஞ்சொல்ல, மொழிபெயர்ப்பாளர் அரபில் உரைத்தனர்; நூல்களும் அரபில் வந்தன. 1882-இல் ஆங்கிலேயர் எகிப்தைக் கைப்பற்றிய பின்னர் அரபு வெளியேற்றப்பட்டு ஆங்கிலம் ஏறிற்று. பெய்ரூத்தில் அமெரிக்கர் நிறுவிய கல்லூரியும் அரபில் மருத்துவம் கற்பித்துப் பின்னர் அதே 1880-களில் ஆங்கிலத்திற்குத் தாவியது. தமாசுகசு மட்டும் 1919 முதல் அரபிலேயே மருத்துவம் கற்பித்து வருகின்றது; அங்குப் பயின்றோர் உலகின் பல நாடுகளில் மருத்துவராய் விளங்குகின்றனர். இந்தியாவிலேயே மத்தியப் பிரதேசம் 2022-இல் மருத்துவப் பாடநூல்களை இந்தியில் வெளியிட்டது. அதன் உள்நோக்கத்தை நாம் அறிவோம். ஆயினும் அவன் மொழிக்கு அவன் செய்ததைக் குறைசொல்வதற்கு முன் நாம் நம் மொழிக்குச் செய்ததை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி ஒரு தடை எழுப்புவர். ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் 2011-இல் 47 வினாக்கள் கொண்டு நலவறிவை அளந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு அது குறைவாகவே இருந்தது. செருமானியனுக்குச் செருமானியத்திலும் தச்சனுக்குத் தச்சு மொழியிலும்தானே மருத்துவம் நடக்கின்றது, தாய்மொழி இருந்தும் என்ன பயன் என்பர். தாய்மொழி ஒன்றே போதும் என்று நாம் கூறவில்லை. சொந்த மொழியில் மருத்துவரும் மருந்துத்தாளும் இருந்துமே பாதிப்பேர் தடுமாறுகின்றனர் என்றால், அயன்மொழிச் சீட்டை வைத்துக்கொண்டிருப்பவன் நிலை என்னவாகும்? தடையென்று கொண்டுவந்தது நம் வழக்குக்கே சான்றாயிற்று.

நம்மவர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். குருதி ஆய்வின் முடிவில் 'பாசிட்டிவ்' என்று வந்தால், அதனை 'நேர்மறை' என்று பெயர்த்து எழுதும் வழக்கம் பரவியுள்ளது. நேர் என்றால் தமிழ்ச் செவிக்கு நல்லது. 'நேர்மறை' என்று கண்ட தாய், பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று மகிழ்ந்து வீடு திரும்புவாள். இது தமிழ் அன்று. தமிழ் எழுத்தில் எழுதிய ஆங்கிலம். 'நோய் உண்டு', 'நோய் இல்லை' என்று எழுதுவதற்கு அகரமுதலி வேண்டுமா? அவ்வாறே 'நீரிழிவு' என்பது நல்ல சொல்தான்; அம்பாசமுத்திரத்து வயலில் நிற்பவள் 'சுகர்' என்றே அறிந்திருந்தால், மருந்துறையில் நீரிழிவு என்று எழுதி, அடுத்து அவள் அறிந்த சொல்லையும் எழுதுக. நாளடைவில் நல்ல சொல் நிலைக்கும். இடையில் அவள் சாகக்கூடாது. தூய தமிழ் உயிரோடிருக்கும் தமிழர்க்கே வேண்டும்.

சொல்லறிவு மருத்துவர்க்கு எத்துணை என்றும் கேட்கலாம். நெல்லைச் சீமையில் 'மேலுக்கு முடியல' என்றால் மேலே ஏறமுடியவில்லை என்று பொருளன்று. 'கிறுகிறுன்னு வருது', 'நெஞ்சைக் கரிக்கு', 'வயித்தால போகுது' ஆகியவற்றுள் எது தலைச்சுற்றல், எது நெஞ்செரிச்சல், எது கழிச்சல் என்று ஒரு வினாத்தாள் அமைத்து மருத்துவமனைகளில் பணிபுரிவோர்க்கு வைத்துப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளின் மேற்படிப்பிடங்களில் 50 விழுக்காடு அனைத்திந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்கின்றது. வடபுலத்திலிருந்து வரும் இளைஞர்மேல் நமக்குப் பகையில்லை. ஆனால் தமிழ்நாட்டு மருத்துவன் இங்கிலாந்தில் பணிபுரிய விரும்பினால் ஆங்கிலத் தேர்வில் தேறிக் காட்டவேண்டும். நோயாளியோடு பேசத் தெரியாதவனை அவர்கள் நோயாளியிடம் விடுவதில்லை. தமிழக அரசுப்பணித் தேர்வுகளுக்குத் தமிழ்த்தாள் கட்டாயம் என்று 2021-இல் ஆக்கியது வரவேற்கத் தக்கது. அதே அளவுகோல் மேற்படிப்பு மாணவர்க்கும் தனியார் மருத்துவமனைகட்கும் ஏன் நீளக்கூடாது?

'மருந்தின் பெயரைத் தமிழில் மாற்றினால் குழப்பம் நேரும்' என்பது அடுத்த அச்சுறுத்தல். பெயரை மாற்றச் சொன்னவர் எவர்? வேதிப்பெயர் ஆங்கிலத்தில் இருக்கட்டும்; அருகே தமிழெழுத்தில் அதன் ஒலிப்பும் இருக்கட்டும். எதற்கு உண்பது, எப்பொழுது உண்பது, எத்தனை உண்பது, எதனோடு உண்ணலாகாது, எந்த அறிகுறி கண்டால் உடனே மருத்துவமனைக்கு ஓடுவது ஆகிய ஐந்தும் தமிழில் வேண்டும். 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படித் தமிழ்நாட்டில் 80 விழுக்காட்டினர் எழுத்தறிந்தோர். அவர் அறிந்த எழுத்து எது என்று சென்னையிலும் தில்லியிலும் எவரேனும் வினவினரா? வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெயரனை அழைத்துப் பாட்டியின் குப்பியைப் படிக்கச் சொல்கின்றனர். அவனும் எழுத்துக்கூட்டி ஒலிக்கின்றான். என் வகுப்பிலேயே அத்தகைய மொழிபெயர்ப்பாளர் பதின்மர்க்கு மேல் உள்ளனர். பதின்மூன்று அகவையினன் தவறாகப் படித்தால் பழி அவன் தலையில்.

செலவாகும் என்பது இறுதித் தடை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை, 1994-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்குகின்றது. அவ்வாறு வாங்கும்போது, 'அரசு வழங்கல், விற்பனைக்கன்று' என்னும் குறிப்பை மருந்துப்பட்டையில் அச்சிட்டே தரவேண்டும் என்று மருந்து செய்வோர்க்குக் கட்டளையிடுகின்றது. அவர்களும் மறுபேச்சின்றி அச்சிட்டுத் தருகின்றனர். மருந்து களவு போகாமற் காக்க ஒருவரி அச்சிடச் செய்யும் அதிகாரம் அக்கழகத்திற்கு இருக்கின்றது. அடுத்த ஒப்பந்தப் புள்ளி கோரும் நாளில் அதே பட்டையில், அதே மையில், இன்னும் ஐந்து வரி தமிழில் கேட்பதற்கு நடுவணரசின் இசைவு தேவையில்லை. தில்லிக்கு மடல் எழுத வேண்டியதில்லை. சென்னையில் ஒரு கையெழுத்துப் போதும்.